பாஸ்போர்ட் பிரெஞ்சு, பேச்சு முத்தியால்பேட்டை

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு வணக்கம்.

பிள்ளைகளின் கோடை விடுமுறைக்குப் பாரிஸ் பக்கத்திலிருந்து புதுச்சேரி முத்தியால்பேட்டைக்கு வந்திருக்கிறேன். வந்த நாள் முதல் தெருவில் பார்க்கிறவர்கள் எல்லாம் கேட்பது ஒரே கேள்விதான், அங்கே போவதென்றால் என்னென்ன எடுத்துக்கொண்டு போகணும்? குக்கர் கிடைக்குமா, இட்லி அரிசி கிடைக்குமா, இங்கே வாங்கும் ஸ்வெட்டர் அந்தக் குளிருக்குத் தாங்குமா. பக்கத்து வீட்டுக் குடும்பம் பள்ளி திறப்பதற்குள் கிளம்புகிறது, அவர்கள் கூடத்தில் பெட்டிகள் இப்போதே வாயைத் திறந்துகொண்டு கிடக்கின்றன, மிளகாய்த்தூள் அரைத்து வந்துவிட்டது. பிறப்புச் சான்றிதழில் பெயர் ஒழுங்காக இருக்கிறதா என்று மட்டும் ஒருவரும் கேட்கவில்லை. உங்கள் நாளிதழிலும் பிரான்ஸ் பற்றி எழுதினால் பாதி ஈபிள் கோபுரம், பாதி விசா ஏஜென்ட் விளம்பரம் என்றுதான் வருகிறது. அதனால் இந்தக் கடிதம் கொஞ்சம் நீளம்தான், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் பிறந்தது கடலூர் மஞ்சக்குப்பம், வாழ்க்கைப்பட்டது முத்தியால்பேட்டை. கணவருக்கு நேஷனாலிட்டி. வெளியூர் வாசகர்களுக்காகச் சொல்கிறேன், புதுச்சேரியில் வெறுமனே நேஷனாலிட்டி என்றால் பிரெஞ்சுக் குடியுரிமை என்று அர்த்தம். 1954 நவம்பர் 1-ல் நிர்வாகம் இந்தியாவிடம் வந்தது, சட்டப்படி ஒப்படைத்தது 1962 ஆகஸ்ட் 16-ல். இங்கே பிறந்து இங்கேயே வசித்தவர்கள் ஆறு மாதத்துக்குள் பிரெஞ்சுக் குடியுரிமை வேண்டுமென்று எழுதிக் கொடுத்தால் அதிலேயே இருக்கலாம் என்று ஒப்பந்தத்தில் இருந்தது. கணவரின் தாத்தா எழுதிக் கொடுத்தவர். அந்த ஒரு கையெழுத்தில் மூன்று தலைமுறை பிரெஞ்சுக்காரர்கள் ஆகிவிட்டார்கள், என் இரண்டு பிள்ளைகள் உட்பட. நேஷனாலிட்டி மாப்பிள்ளைக்குக் கல்யாணச் சந்தையில் என்ன விலை என்பது ஊருக்கே தெரியும், அதற்குள் நான் போகவில்லை.

ஆனால் அந்தப் பிரெஞ்சுக்காரருக்குப் பிரெஞ்சு தெரியாது! கணவர் படித்தது இங்கிலீஷ் மீடியம். பிளஸ் டூவில் இரண்டாம் மொழியாகப் பிரெஞ்சு எடுத்தார், எதற்கென்றால் தமிழைவிட அதில் மார்க் அதிகம் போடுவார்கள் என்று. நல்ல மார்க்கும் வாங்கினார். அங்கே போய் ரொட்டிக் கடையில் நின்றபோது அந்த மார்க்கெல்லாம் எங்கே போனதென்று தெரியவில்லை. தெருப் பெயர்ப் பலகையெல்லாம் பிரெஞ்சில் இருக்கும் ஊரில் வளர்ந்துவிட்டதால் நமக்கு அந்த மொழி பாதி வந்துவிட்ட மாதிரி ஒரு நினைப்பு. 1826-லிருந்து லிசே என்ற பிரெஞ்சுப் பள்ளி இருக்கிறது, 1889-லிருந்து பிரெஞ்சு சொல்லிக் கொடுக்கும் அலியான்ஸ் பிரான்சேஸ் இருக்கிறது, சரி, அதற்குள் எத்தனை பேர் போனோம்?

இதில் வேடிக்கை என்னவென்றால், நான் அந்த நாட்டுக்கு அந்நியப் பெண். இந்தியப் பாஸ்போர்ட், பிரெஞ்சுக்காரரின் மனைவி என்ற விசா. போய்ச் சேர்ந்த மூன்று மாதத்துக்குள் அந்த விசாவை இணையத்தில் உறுதி செய்ய வேண்டும், அப்புறம் குடியேறுபவர்களுக்கான அலுவலகத்திலிருந்து கூப்பிட்டு, ஒருங்கிணைப்பு ஒப்பந்தம் என்று ஒன்றில் கையெழுத்து வாங்கி, மொழி எவ்வளவு தெரியும் என்று சோதித்து, தெரியாதவர்களை அரசாங்கச் செலவில் வகுப்புக்கு அனுப்புகிறார்கள். எனக்கு அப்படித்தான் பிரெஞ்சு வந்தது. கணவருக்கு அந்த வகுப்பு கிடையாது, ஏனென்றால் அவர் குடிமகன், குடிமகனுக்கு மொழி தெரியாமல் இருக்கும் என்று அந்தச் சட்டத்தை எழுதியவர்களுக்குத் தோன்றவே இல்லை. எந்த அலுவலகத்துக்குப் போனாலும் இதே கதைதான். என் அட்டையைப் பார்த்தால் ஒவ்வொரு சொல்லாக நிறுத்தி நிதானமாகப் பேசுவார்கள். இவருடைய தேசிய அடையாள அட்டையைப் பார்த்ததும் கடகடவென்று பேசுவார்கள், இவர் என் முகத்தைப் பார்ப்பார், நான் அரைகுறையாகப் புரிந்ததைத் தமிழில் சொல்வேன். ஒரு அம்மா அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, இது உங்களுடையதுதானா என்று கேட்டார். அன்றைக்கு வீட்டுக்குத் திரும்பும் வழியெல்லாம் இவர் பேசவில்லை.

நாங்கள் போய் இறங்கியது பாரிஸ் புறநகரான சார்செல் பக்கம், நாத்தனார் வீட்டில். அங்கே தனியாக வீடு எடுப்பது நம் ஊர் மாதிரி அட்வான்ஸ் கொடுத்துச் சாவி வாங்கும் வேலை இல்லை. வீட்டுக்காரர்கள் மூன்று மாதச் சம்பளச் சீட்டு கேட்பார்கள், பெரும்பாலும் வாடகையைப்போல் மூன்று மடங்கு சம்பளம் எதிர்பார்ப்பார்கள், அதற்கு மேல் ஜாமீன்தாரர் வேறு. வேலையே தேடாத ஆளிடம் சம்பளச் சீட்டு எங்கே இருக்கும்? அரசாங்கக் குறைந்த வாடகை வீட்டுக்கு விண்ணப்பிக்கலாம், கட்டாயம் விண்ணப்பியுங்கள், வருடா வருடம் அதைப் புதுப்பிக்கவும் மறக்காதீர்கள், ஆனால் பாரிஸ் சுற்றுவட்டாரத்தில் அது கைக்கு வர வருடக் கணக்கில் ஆகும். எனவே உறவினர் வீடுதான் கதி. உறவினர் என்ன செய்ய வேண்டும் என்றால், இவர்கள் என் வீட்டில் தங்கியிருக்கிறார்கள் என்று கையெழுத்துப் போட்டு ஒரு கடிதம், கூடவே அவருடைய அடையாள அட்டை நகல், கரண்ட் பில். இந்த மூன்றும் இல்லாமல் வங்கிக் கணக்கு, பள்ளி, மருத்துவக் காப்பீடு என்று எதுவும் நகராது.

இதையெல்லாம் நாத்தனார் முதல் வாரமே செய்து கொடுத்துவிட்டார். அப்படியும் எங்களுக்கு வரவேண்டிய முதல் கடிதம் வரவே இல்லை. அனுப்பிவிட்டோம் என்று அலுவலகத்தில் சொல்கிறார்கள், நாங்கள் தினமும் கீழே போய்ப் பார்க்கிறோம், ஒன்றும் இல்லை. கடைசியில் காரணம் தபால் பெட்டி. அந்த அடுக்குமாடியின் வாசலில் வரிசையாகத் தகரப் பெட்டிகள், ஒவ்வொன்றிலும் சுண்டுவிரல் அகலத்துக்கு ஒரு பெயர்ச் சீட்டு. தபால்காரர் அந்தச் சீட்டில் இருக்கும் பெயரைப் பார்த்துத்தான் போடுவார், பெயர் இல்லையென்றால் இந்த விலாசத்தில் இப்படி யாரும் இல்லை என்று குறித்துத் திருப்பி அனுப்பிவிடுவார். பெட்டியில் இருந்தது நாத்தனார் கணவரின் குடும்பப் பெயர். எங்கள் குடும்பப் பெயர் வேறு. நம் தபால்காரருக்கு விலாசம் தப்பாக இருந்தாலும் ஆளைத் தெரியும், அங்கே அப்படி இல்லை. பெரியவன் ஒரு துண்டுச் சீட்டில் எங்கள் இரண்டு பேர் பெயரையும் கொட்டை எழுத்தில் எழுதி செலோடேப் போட்டு ஒட்டினான், அதற்கப்புறம்தான் தபால் வர ஆரம்பித்தது. பிரான்ஸ் போகும் யாராக இருந்தாலும் விமானத்திலிருந்து இறங்கிய அன்றைக்கே செய்ய வேண்டிய வேலை இது, பயணப் பெட்டியைப் பிரிப்பது அப்புறம்.

இப்போது நான் எழுத வந்த விஷயம், பெயர். கணவர் பிறந்தது முத்தியால்பேட்டையில், ஆனால் அவருடைய பிரெஞ்சுப் பிறப்புச் சான்றிதழ் வருவது நாந்த் நகரத்திலிருந்து. வெளிநாட்டில் பிறந்த பிரெஞ்சுக்காரர்களின் பதிவேடுகளைக் கவனிக்கும் அலுவலகம் அங்கேதான் இருக்கிறது. இணையத்தில் கேட்டால் காசில்லாமல் அனுப்புகிறார்கள், அதில் ஒரு தொல்லையும் இல்லை. தொல்லை எல்லாம் நம் பக்கத்துக் காகிதத்தில்தான். குப்புசாமி என்று ஒரு பெயரை எடுத்துக்கொள்ளுங்கள். கடலூரில் இங்கிலீஷ் வழக்கப்படி கே-யில் ஆரம்பித்து எழுதுவார்கள். புதுச்சேரி பிரெஞ்சு ஏட்டில் அதே பெயர் சி-யில் ஆரம்பிக்கும், உகரம் வரும் இடத்திலெல்லாம் ஓ-வும் யு-வும் சேர்ந்து நிற்கும், இரண்டு எஸ் வேறு. தமிழில் ஒரே ஆள், அங்கே கம்ப்யூட்டரில் இரண்டு ஆள். அப்பா ஆதாரில் ஒரு விதம், பாஸ்போர்ட்டில் ஒரு விதம், மகளின் பிறப்புச் சான்றிதழில் மூன்றாவது விதம் என்றால் மூன்று பேர்.

அடுத்தது இனிஷியல். நமக்கு இனிஷியல் போதும், அவர்களுக்குக் குடும்பப் பெயர், சொந்தப் பெயர் இரண்டும் தனித்தனியாக வேண்டும். என் மருத்துவக் காப்பீட்டு விண்ணப்பம் திரும்பி வந்தது எதனால் தெரியுமா? என் பிறப்புச் சான்றிதழில் அம்மா பெயருக்கு முன்னால் ஒற்றை எழுத்து மட்டும் இருக்கிறது, அந்த எழுத்து எதைக் குறிக்கிறது என்று கேட்டிருந்தார்கள். அதைச் சரி செய்ய இங்கே என் தம்பி ஒரு அலுவலகத்துக்கு நடையாய் நடந்தான். நாளைக்கு வா, கிளார்க் லீவு, பழைய ஏடு கிடைக்கவில்லை, இதெல்லாம் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. திருத்தி வாங்கி, அதற்கு மாநில அரசின் சான்றொப்பம் வாங்கி, நம் காகிதம் வெளிநாட்டில் செல்லுவதற்காக வெளியுறவுத் துறை போடும் அப்போஸ்டில் முத்திரை வாங்கி, எனக்கு அனுப்பி, அங்கே நீதிமன்றப் பட்டியலில் உள்ள மொழிபெயர்ப்பாளரிடம் கொடுத்துப் பக்கத்துக்கு இவ்வளவு என்று யூரோவில் அழுதேன். அந்த முத்திரைக்கு அரசுக் கட்டணம் என்னவோ 50 ரூபாய்தான், நடுவில் நிற்பவர்கள் வாங்குவதுதான் ஆயிரக் கணக்கில். இத்தனையும் ஊரில் இருக்கும்போது நிதானமாக முடிந்திருக்கக் கூடிய வேலை.

என் வயதுக்காரர்கள் பலருக்குப் பிறப்புச் சான்றிதழில் குழந்தையின் பெயரே இருக்காது, ஆண் அல்லது பெண் என்று மட்டும் இருக்கும். பள்ளி டி.சி.யை வைத்தே வாழ்க்கையை ஓட்டியிருப்போம். அங்கே டி.சி. செல்லாது. சட்டப்படி பெயரைச் சேர்க்கப் பதிவான நாளிலிருந்து 15 வருடம் கொடுத்திருக்கிறார்கள், அவ்வப்போது அதை நீட்டியும் இருக்கிறார்கள். பிள்ளைகள் சான்றிதழில் பெயர் இல்லாதவர்கள் பிரான்ஸ் போனாலும் போகாவிட்டாலும் இன்றைக்கே போய்ச் சேர்த்துவிடுங்கள்.

பெண்களுக்குத் தனியாக ஒன்று சொல்ல வேண்டும். கல்யாணம் ஆனதும் பாஸ்போர்ட்டில் அப்பா பெயரை எடுத்துவிட்டுக் கணவர் பெயரைப் போட்டுக்கொள்ள ஏஜென்ட் சொல்வார், மாமியாரும் சொல்வார். பிரெஞ்சு சட்டத்தில் பெண்ணுக்குக் கடைசிவரை சட்டப்படியான குடும்பப் பெயர் பிறந்த வீட்டுப் பெயர்தான், கணவர் பெயர் வேண்டுமானால் கூட ஒட்டிக்கொள்ளலாம், அவ்வளவுதான். பிறப்புச் சான்றிதழில் ஒன்று, பாஸ்போர்ட்டில் ஒன்று என்றால் அதை விளக்கவே ஒரு வருடம் போய்விடும். என் கூட மொழி வகுப்பில் படித்த காரைக்கால் பெண் ஒருத்தி இன்னும் விளக்கிக்கொண்டிருக்கிறாள்.

மருத்துவம் பற்றி நம் ஊரில் ஒரு நம்பிக்கை உண்டு, பிரான்சில் எல்லாம் இலவசம் என்று. வேலையில் சேர்ந்தவருக்கு உடனே உரிமை வந்துவிடும். வேலை இல்லாமல் போய் இறங்கினால் பிரெஞ்சுக்காரராகவே இருந்தாலும் பொதுவாக மூன்று மாதம் அங்கே வசித்ததைக் காட்டின பிறகுதான் காப்பீட்டில் சேர்ப்பார்கள். அந்த மூன்று மாதத்துக்கு இங்கேயே ஒரு இன்சூரன்ஸ் எடுத்துக்கொண்டு போவது புத்திசாலித்தனம். போர்டிங் பாஸைக் கிழித்துப் போடாதீர்கள், என்றைக்கு வந்தீர்கள் என்று கேட்கும்போது கை கொடுக்கும். அப்புறம் தடுப்பூசி அட்டை. 2018 ஜனவரி 1 முதல் பிறந்த குழந்தைகளுக்கு அங்கே ஒரு நீளமான கட்டாயப் பட்டியல் இருக்கிறது, ஊசி போட்டதைக் காட்டாவிட்டால் பள்ளியில் தற்காலிகமாகத்தான் சேர்ப்பார்கள். சின்னவளுக்கு எல்லா ஊசியும் போட்டிருந்தோம். ஆனால் அட்டையில் நர்ஸம்மாவின் கையெழுத்து, மருந்துப் பெயர் சுருக்கம், ஒரு பக்கத்தில் மழைத்தண்ணீர் பட்டு மை ஊறியது. அங்கே டாக்டர் கண்ணாடியைக் கழற்றி மாட்டி அட்டையை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, படிக்க முடிந்ததை மட்டும் ஒப்புக்கொண்டார். மற்றதை மறுபடி குத்தினார்கள். கிளம்பும் முன் உங்கள் குழந்தை டாக்டரிடம் தேதிவாரியாக டைப் செய்து, எந்த ஊசி எந்த நோய்க்கு என்று குறித்து, சீல் வைத்து வாங்கிக்கொண்டால் பிள்ளையின் கை தப்பிக்கும்.

பள்ளி விஷயத்தில் குறை சொல்ல ஒன்றும் இல்லை. மூன்று வயதிலிருந்து 16 வரை கட்டாயம், சின்னப் பிள்ளைகளை நகராட்சியில் பதிய வேண்டும், அரசுப் பள்ளியில் ஃபீஸ் கிடையாது. மதியச் சாப்பாட்டுக்கு வருமானத்தைப் பார்த்துக் காசு, வாரத்தில் ஒரு நாளாவது சைவம் போட வேண்டும் என்று சட்டமே இருக்கிறது. பெரியவன் இங்கே ஏழாவது படித்துக்கொண்டிருந்தான், அங்கே ஐந்தாவதில் சேர்த்தார்கள். வீடியோ காலில் மாமியார் அழாத குறை. புள்ளையை ரெண்டு வருஷம் கீழே தள்ளிட்டாங்களே என்று கடைத்தெரு வரைக்கும் செய்தி போய்விட்டது. விஷயம் இவ்வளவுதான், அங்கே வகுப்பு எண் இறங்கிக்கொண்டே வரும். கொலேஜ் என்கிற நடுநிலைப் பள்ளியில் ஆறாவது, ஐந்தாவது, நான்காவது, மூன்றாவது, பிறகு லிசே என்கிற மேல்நிலைப் பள்ளியில் இரண்டாவது, முதலாவது, கடைசி. பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்கு ஐந்தாவதுதான் சரி. பிரெஞ்சு தெரியாத பிள்ளைகளுக்கென்று தனியாக மொழி வகுப்பு வைத்திருக்கிறார்கள், அங்கே ஆப்பிரிக்காவின் மாலி நாட்டுப் பையன், உக்ரைன் பையன், நம் பையன் எல்லாரும் ஒரே பெஞ்சில். சீக்கிரம் பிடித்துக்கொண்டான். சின்னவள் வெகு நாள் பள்ளியில் வாயே திறக்கவில்லை, டீச்சர் அதைப் பற்றிக் கவலைப்படாமல் விட்டார், ஒரு நாள் பொம்மைக்குப் பிரெஞ்சில் திட்டு விழுந்தது.

பெட்டியில் சாப்பாட்டுச் சாமான் அடைக்கிறவர்களுக்காக ஒரு வரி. பாரிஸில் லா ஷப்பேல் பக்கம் போனால் முருங்கைக்காயிலிருந்து கருவாடு வரை கிடைக்கும், 83-க்குப் பிறகு வந்த ஈழத் தமிழர்கள் ஒன்றுமில்லாமல் வந்து உருவாக்கிய கடைத்தெரு அது. நெய், பால்கோவா, இறைச்சி எதையும் விமானத்தில் ஐரோப்பாவுக்குள் கொண்டுபோக அனுமதி இல்லை. மாம்பழம், கறிவேப்பிலைக்குத் தாவரச் சுகாதாரச் சான்றிதழ் வேண்டும். தேங்காய், வாழைப்பழம், அன்னாசி, பேரீச்சை, டுரியன் இந்த ஐந்துக்கு மட்டும் வேண்டாம். டுரியன் எடுத்துக்கொண்டு யார் போகப் போகிறார்கள் தெரியவில்லை.

அந்தக் கடைத்தெருவில்தான் என் கணவருக்கு முதல் வேலை கிடைத்தது, ஒரு ஹோட்டல் சமையலறையில். முதலாளி அண்ணர் நல்ல மனிதர், சம்பளச் சீட்டு ஒழுங்காகக் கொடுத்தார், அதை வைத்துத்தான் எங்களுக்கு வீடே கிடைத்தது. ஆனால் காலையிலிருந்து இரவு வரை தமிழ். புதுச்சேரியில் தெரியாத பிரெஞ்சை லா ஷப்பேலிலும் தெரிந்துகொள்ள வேண்டிய அவசியம் வரவில்லை. நேஷனாலிட்டியோடு போய், பத்து வருடம் கழித்தும் மகளை மொழிபெயர்ப்புக்குக் கூட்டிக்கொண்டு டாக்டரிடம் போகும் அப்பாக்களை நான் அங்கே பார்க்கிறேன். உடம்பில் எங்கே வலிக்கிறது என்று பத்து வயதுப் பெண்ணை வைத்து அப்பா சொல்வது நன்றாகவா இருக்கிறது?

அதனால் உங்கள் வழியாக இரண்டு வேண்டுகோள். ஒன்று, பிறப்புச் சான்றிதழ் கொடுக்கும்போதே பெற்றோர் பெயரை இனிஷியல் இல்லாமல் முழுசாக, தமிழிலும் இங்கிலீஷிலும், பாஸ்போர்ட்டில் உள்ள எழுத்துக்கூட்டலைப் பார்த்துப் பதிந்து கொடுக்க வேண்டும். புதுச்சேரிக்கும் சொல்கிறேன், என் பிறந்த ஊர் கடலூருக்கும் சொல்கிறேன். கவுன்டரில் கண்ணுக்குத் தெரிகிற மாதிரி ஒரு அறிவிப்பு ஒட்டினாலே பாதிப் பேர் அங்கேயே திருத்திக்கொள்வார்கள்.

இன்னொன்று, நேஷனாலிட்டி குடும்பங்களில் கிளம்பப் போகிறவர்களுக்கு ஒரு ஆறு மாத மாலை வகுப்பு. பணம் கட்டிப் படிக்க வசதி உள்ளவர்கள் அலியான்ஸ் போகட்டும், கூலி வேலை பார்க்கும் வீட்டிலும் பிரெஞ்சுப் பாஸ்போர்ட் இருக்கிறது, அவர்கள் எங்கே போவார்கள்? இலக்கணம் வேண்டாம். தபால் பெட்டி, வாடகை, பிள்ளைக்குக் காய்ச்சல், சம்பளம் வரவில்லை, இவற்றைப் பேசத் தெரிந்தால் போதும். கடைக்குள் நுழைந்ததும் போன்ழூர், அதாவது வணக்கம், சொல்லாமல் விலை கேட்டால் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள் என்பதையும் சேர்த்துச் சொல்லிக் கொடுக்கலாம். அரசுப் பள்ளிக் கட்டடங்கள் சாயங்காலம் பூட்டித்தான் கிடக்கின்றன. சொல்லிக் கொடுக்க ஆள் இல்லை என்று சொல்வார்களேயானால், விடுமுறை முடியும்வரை நான் இங்கேதான் இருக்கிறேன், ஆறு மணிக்கு மேல் எனக்கு வேலை ஒன்றும் இல்லை. முதல் பெஞ்சில் என் கணவரை உட்கார வைக்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
முத்தியால்பேட்டை, புதுச்சேரி.